டிரங்குப் பெட்டியில் என்ன இருந்தது?

தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. இந்தத் தேதியைக் குறித்தவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சாவூர் ஜில்லாப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு அது அடைமழை வாரம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்க் கிளை நூலகம் ஒரு நாட்டு ஓட்டுக் கட்டடம். 1948-இல் போட்ட பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலானது. அது ஓடு மாற்றும் செலவுவரைக்கும் வந்து சேரவில்லை.

1979. எனக்குப் பதினைந்து வயது. அந்த வாரத்தில் ஒரு நாள் மாலை எழுத்தாளர் ஒருவர் வந்து கதை வாசிப்பார் என்று நூலக வாசலில் கரும்பலகையில் எழுதியிருந்தது. மழையில் பாதி அழிந்து ‘எழு’ மட்டும் மிஞ்சியதால் ஏதோ கட்சிக் கூட்டம் என்று ஒருவர் உள்ளே வந்து, மழைக்குப் பயந்து உட்கார்ந்தும் விட்டார். அவரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். நாளிதழ் படிக்கும் மேஜை இரண்டைச் சேர்த்துப் போட்டதுதான் அரங்கம். வரலாற்று அலமாரி பக்கம் ஒழுகிய இடத்தில் லைப்ரேரியன் சார் ஒரு பக்கெட் வைத்தார். சொட்டுச் சத்தம் கதைக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று பக்கெட்டுக்கு அடியில் பழைய துண்டு ஒன்றையும் மடித்துப் போட்டார். இலக்கியத்துக்காக ஓர் அரசு ஊழியர் செய்த மிக நுட்பமான ஏற்பாடு என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

எழுத்தாளர் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். வேட்டியில் முழங்கால் வரை சேறு. வந்தவரிடம் நாங்கள் முதலில் கேட்டது அவர் கதையைப் பற்றி அல்ல, “ஜானகிராமனைப் பார்த்திருக்கீங்களா சார்?” என்றுதான். தி. ஜானகிராமன் பிறந்த தேவங்குடி எங்களுக்குப் பக்கம். அதனால் எந்த எழுத்தாளர் வந்தாலும் இந்தப் பரீட்சையில் தேறியாக வேண்டும். அவர் பார்த்திருந்தார். தேறினார்.

கதையில் ஒருவன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பட்டணம் போய், பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். நடுராத்திரியில் நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கி, கையில் டிரங்குப் பெட்டியோடு மன்னார்குடிக்கு நடந்து, விடிவதற்குள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறான். அம்மா கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான் கதை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பின் பெஞ்சிலிருந்து ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்தார். அதுவரை தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தோம்.

“பெட்டியில என்ன சார் இருந்தது?”

“எந்தப் பெட்டி?”

“டிரங்குப் பெட்டி. நீடாமங்கலத்துலேருந்து மன்னார்குடி எட்டு மைலுக்குக் குறையாது. நெறைஞ்ச பெட்டின்னா தூக்கிட்டு விடியறதுக்குள்ள வந்து சேர மாட்டான். காலிப் பெட்டின்னா, பட்டணத்துல அவன் ஒண்ணும் சம்பாதிக்கலன்னு ஆகுது. அம்மாவைப் பாக்க இல்ல, சோத்துக்கு வந்திருக்கான். எது சார்?”

எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெட்டியைத் திறந்து பார்க்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு இரண்டு மணி நேரம் பதின்மூன்று பேரும் அந்தப் பெட்டியைத் திறந்தோம். தலையில் வைத்துச் சுமந்திருப்பான் என்றார் ஒருவர். பட்டணத்தில் இருந்துவிட்டு வருகிறவன் தலையில் சுமப்பானா என்றார் இன்னொருவர். கட்சிக் கூட்டத்துக்கு வந்தவர், வழியில் ஒரு கட்டை வண்டிக்காரனை ஏற்பாடு செய்து கொடுத்து விஷயத்தை முடிக்கப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசி பஸ் போய்விட்டது. தினசரிகளின் பழைய பைண்டு ஒன்றைத் தலைக்கு வைத்துக்கொண்டு எழுத்தாளர் மேஜை மேலேயே படுத்தார். காலையில் லைப்ரேரியன் சார் பஸ் சார்ஜைத் தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்து அனுப்பினார். பிற்பாடு அந்தக் கதை தொகுப்பில் வந்தபோது எடுத்துப் பார்த்தேன். டிரங்குப் பெட்டி மஞ்சள் பையாக மாறியிருந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பதின்மூன்று பேரில் ஒரு பெண் கிடையாது. என் அக்காவுக்கு என்னைவிடப் படிப்பில் பைத்தியம் அதிகம். அவளுக்கு நான் எடுத்து வந்து கொடுப்பதுதான் புத்தகம், நான் வந்து சொல்வதுதான் கூட்டம். நாவல் அலமாரியில் பூட்டு. சாவி கேட்டால், “உனக்கெதுக்குடா அது?” என்று கேட்டுவிட்டு அறிவியல் விளக்கம் ஏதாவது ஒன்றைக் கையில் திணிப்பார்கள். சென்னையில் 1977-லேயே மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் புத்தகக் காட்சி தொடங்கிவிட்டது என்பதெல்லாம் எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும்.

இப்போதைய கதைக்கு வருவோம். அன்றைக்கு ஒரே தஞ்சாவூர் மாவட்டம். 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. இதனால் நிர்வாகத்துக்கு என்ன லாபமோ, எழுத்தாளனுக்கு ஒரு லாபம் உண்டு. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005-இல் தொடங்கிய புத்தகத் திருவிழாவைப் பார்த்து ஊர் ஊராக ஆசை வந்து, 2022-இல் அரசே மாவட்டத்துக்கு ஒன்று நடத்த ஆரம்பித்தது. ஆக, ஒன்று நடக்க வேண்டிய இடத்தில் நான்கு. அதில் ஒன்றில் பேச என்னையும் கூப்பிட்டார்கள். எந்த மாவட்டம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருஷமும் கூப்பிட வேண்டுமே.

வளைவு, பலூன், எல்.இ.டி. திரை, புத்தகங்களுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி, அப்பளத்துக்குத் தள்ளுபடி இல்லை. இருந்தும் அப்பளக் கடையில்தான் வரிசை. பந்தலில் அறுநூறு நாற்காலி, அறுநூறிலும் ஆள். நான் திகைத்துப்போனேன். கூர்ந்து பார்த்தபோதுதான் அத்தனை பேரும் ஒரே நிறத்தில் உடுத்தியிருப்பது தெரிந்தது. ஐந்து பள்ளிகளிலிருந்து வேனில் கொண்டுவந்திருந்தார்கள். என் நேரம் மாலை நான்கு மணி. வெயில் தாழ்ந்த பிறகான நேரமெல்லாம் பட்டிமன்றத்துக்கு.

நான்கு மணிக்குப் பரிசளிப்பு. நாலரைக்கு முக்கியஸ்தர் வந்துகொண்டே இருந்தார். ஐந்தே முக்காலுக்கு வந்தார், பேசினார், போனார். அவரோடு முன்வரிசையும் போனது. தொகுப்பாளினி என்னை அறிமுகம் செய்தார். நான் எழுதாத நாவல் ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். பெயர் நன்றாக இருந்தது, எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். “நேரமின்மை கருதி ஐந்து மணித்துளிகளில்” என்ற குறிப்போடு மைக் என் கைக்கு வந்தபோது வேன்கள் ஹாரன் அடித்தன. வரிசை கலையாமல், சத்தமில்லாமல், மிக ஒழுங்காக அறுநூறு பேரும் எழுந்து போனார்கள். ஒரு பையன் மட்டும் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். அவனுக்கு என் நன்றி.

கூட்டம் என்றதும் இன்னொரு கணக்கு நினைவுக்கு வருகிறது. டிரங்குப் பெட்டிக்காரரின் தொகுப்பு ஆயிரத்து இருநூறு பிரதி. நூலக ஆணையை நம்பி அச்சடித்தது. கேட்க வந்தவர்கள் பதின்மூன்று பேர். என் புத்தகம் முதல் அச்சு நூறு. தேவைப்பட்டால் இன்னும் ஐம்பது போடலாம் என்று பதிப்பாளர் ஆறுதல் சொல்லியிருக்கிறார். சுற்றிலும் நடமாடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில்.

ஆனாலும் அரங்குகளுக்குள் ஒரு சுற்று வந்தபோது கண்ட காட்சி ஒன்று உண்டு. ஒரு பெண், எட்டாவது படிக்கும், மண் உண்டியலை உடைத்த காசைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிக் கொடுத்துவிட்டு, எவரிடமும் கேட்காமல், தானே எடுத்து வைத்திருந்த நாவலைப் பைக்குள் போட்டுக்கொண்டது. பூட்டும் இல்லை, ‘உனக்கெதுக்கு’வும் இல்லை. அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். “அதெல்லாம் சரி, நீ பேசினியா?” என்றாள்.

பேசினேன். வாசிக்கவும் செய்தேன். காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு, அடுக்கிக்கொண்டிருந்தவர்களின் சத்தத்துக்கு நடுவே, என் பம்ப்செட் கதையை முழுதாக வாசித்தேன். கிராமத்து விவசாயி ஒருவர், மகன் வெளிநாடு போகும் இரவில் ஏழு மணிக்கு வயலுக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுகிற கதை. பத்திரிகையில் வந்தபோது பலரும் பாராட்டிய கதைதான். முடித்ததும் பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய வவுச்சரில் கையெழுத்து, பேங்க் பாஸ்புக் நகல். பணம் பிறகு வரும் என்றார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள்.

மேடைக்குப் பக்கவாட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

“சார், ஒரு சந்தேகம். அந்தப் பெரியவர் மோட்டார் போட்டது ராத்திரி ஏழு மணிக்கா?”

“ஆமாம்.”

“விவசாய லைனுல அந்நேரத்துக்கு த்ரீ பேஸ் ஏது சார்? எங்க பக்கமெல்லாம் முறை வச்சுத்தான் குடுப்பாங்க. பேஸ் இல்லாம போட்டா ஸ்டார்ட்டர் டிரிப் ஆயிடும். ஏழு மணிக்கு மோட்டார் ஓடாது.”

கதை என்று சொல்லிப் பார்த்தேன். பகலில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலையாம் அவருக்கு. கதையிலும் ஓடாது என்றார்.

“சரி, அவர் கண்டன்சர் போட்டு ஓட்டினார்னு வச்சுக்கலாமே?”

“அப்ப அவர் திருட்டுத்தனமா ஓட்டுறார். ஆள் அப்படிப்பட்டவரா சார்? வாசிச்சப்ப எனக்கு அப்படித் தெரியலையே.”

அழைப்பிதழின் பின்பக்கத்தில் ‘கண்டன்சர்’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். என்னைப் பஸ் ஸ்டாண்டில் விடுவதற்காக ஏற்பாடு செய்திருந்த கார் ஹாரன் அடித்தது. இன்னும் ரெண்டு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளில் இரண்டை உருவிப் போட்டோம்.