லூஸ் காண்டாக்டுடன் வாழ்வது எப்படி?

இடது காதில் பாட்டு கேட்கிறது, வலது காதில் கேட்கவில்லை. ஒயரை அசைத்தால் வருகிறது, விட்டால் போய்விடுகிறது. இந்த நிலைக்கு வந்தவர்கள் புது ஹெட்போன் வாங்க ஓடாதீர்கள். ஒயரைத் திருத்துவதைவிட உங்கள் உடம்பைத் திருத்துவது சுலபம்.

பின் செருகிய இடத்தில் ஒயரைப் போன்மீது ஒரு சுற்று சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கழுத்தை இடப்பக்கம் மெல்லச் சாய்த்து, சத்தம் வந்த நொடியில் அப்படியே உறைந்துவிட வேண்டும். தும்மக் கூடாது. நான் தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் இப்படியே போயிருக்கிறேன். எதிரே இருந்த பெரியவர் கிண்டியில் பொறுக்கமாட்டாமல், “சுளுக்கா தம்பி? நல்லெண்ணெய் தேய்ச்சு சுடுதண்ணி ஊத்துங்க” என்றார். தலையாட்டினேன். வலது காது போய்விட்டது.

ஆசனம் கைகொடுக்காவிட்டால்தான் ஆராய்ச்சி. முதலில் வேறொரு போனில் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காகப் பாடினால் குற்றவாளி உங்கள் போனின் ஓட்டை. சட்டைப்பையின் பஞ்செல்லாம் அதற்குள் போய், பின் செருகச் செருக இறுகி, கடைசியில் பின் முழுதாக உட்காரவே இடமிருக்காது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். ஊக்கு வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும். என் போனிலிருந்து எடுத்த பஞ்சில் கார்த்திகைக்கு ஒரு திரி திரித்திருக்கலாம். செட்டிங்ஸில் இடது-வலது அளவை வீட்டுக் குழந்தை ஒரு பக்கமாக இழுத்துவிட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கும் யாரும் முதலில் சொல்லவில்லை.

அடுத்து, பிய்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒயர் நட்ட நடுவில் பிய்வது அபூர்வம். அடிக்கடி வளைகிற இடத்தில்தான் பிய்யும்: பின்னின் கழுத்து, ஒயர் இரண்டாகப் பிரியும் முடிச்சு, காதுக்குள் நுழையும் வாசல். 1950-களின் மோனோ பாட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காதிலும் ஒரே ஒலி என்பதால் எது செத்தது என்பதில் சந்தேகம் வராது. பிறகு இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை ஒயரை வளைத்துக்கொண்டே போங்கள். கரகரவென்றால் அதுதான் இடம்.

சில சமயம் பேய் பிடித்த அறிகுறிகளும் தென்படும். வயலின் கேட்கும், எதிரொலி கேட்கும், பாடுகிறவர் மட்டும் காணாமல் போயிருப்பார். மந்திரிக்க வேண்டாம். பின்னைக் கவனியுங்கள்: நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. அந்தப் பொதுவழி அறுந்தால் மின்சாரம் ஒரு காது வழியாகப் போய் மறு காது வழியாகத் திரும்பும். இரண்டு பக்கத்திலும் ஒரே அளவாக இருப்பதெல்லாம் அதில் அழிந்துவிடும். பாட்டுக்காரரின் குரலை நடுவில் வைத்துத்தான் ஒலிப்பதிவு செய்வார்கள். அதனால் முதல் பலி அவர். மைக் வைத்த ஹெட்போன் என்றால் அதில் நான்கு பகுதிகள். மைக் பட்டனை அழுத்திப் பிடித்ததும் பாடகர் திரும்பி வந்தால் ஒயரில் குற்றமில்லை. அது பொதுவழியும் மைக்கும் இடம் மாறியிருக்கிற பழைய வகைப் பின். பட்டனை அழுத்தியபடியே கேளுங்கள். கட்டைவிரலுக்கு ஏற்கெனவே பயிற்சி இருக்கிறதே.

இதற்கும் மசியாதவர்கள் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு 3.5 மி.மீ. பின் வாங்கி, பழைய பின்னை அதன் கழுத்தோடு வெட்டி எறிந்துவிட்டு சால்டரிங் கம்பியைச் சூடாக்கலாம். உள்ளே தலைமுடிபோல மெல்லிய செம்புக் கம்பிகள் இருக்கும். பார்க்க அம்மணமாகத்தான் தெரியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வார்னிஷ் பூச்சு உண்டு. நுனியை ஈயத்தில் நன்றாகச் சுட்டுப் பூச்சைக் கருக்கினால்தான் ஒட்டும். கம்பிகளோடு நைலான் நூலும் கலந்திருக்கும். ஒயர் சட்டென்று அறாமல் இருக்க வைத்தது. நான் அரைமணி நேரம் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தது அந்த நூலுக்குத்தான்.

ஒருவழியாக மூன்று கம்பிகளும் ஒட்டின. மல்டிமீட்டரில் நுனிக்கும் அடிக்கும் நடுவே 32 ஓம் காட்டியது, காதில் லேசாகக் ‘கிளுக்’ என்றது. பரவசத்தோடு பின்னின் மூடியைத் திருகப்போனேன். மூடி மேஜையில் இருந்தது. பற்றவைப்பதற்கு முன்பே அதை ஒயரில் கோத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாடத்தை எந்தக் கடைக்காரரும் பின்னோடு சேர்த்து விற்பதில்லை.

மூன்றையும் பிய்த்தேன், மூடியைக் கோத்தேன், மறுபடி ஒட்டினேன். இரண்டு காதிலும் கணீரென்று வந்தது. ஆனால் இத்தனை வருஷமாக இடப்பக்கம் வாசித்துக்கொண்டிருந்த வயலின் வலப்பக்கத்துக்குக் குடிபோயிருந்தது. இரண்டாவது தடவை சிவப்பும் பச்சையும் இடம் மாறிவிட்டன. மறுபடி சால்டரிங் கம்பியை எடுக்கத் தெம்பில்லை. ‘எல்’ போட்டதை வலது காதிலும் ‘ஆர்’ போட்டதை இடது காதிலும் மாட்டிக்கொண்டேன். காதுக்குள் சரியாக உட்காரவில்லை. கழுத்தை லேசாகச் சாய்த்தால் உட்காருகிறது.