வெயிலுக்கு மானியம், இருட்டுக்கு வரி

திருநெல்வேலிக்காரனுக்குக் கரண்டைப் பற்றிப் பாடம் எடுக்க எவனுக்கும் யோக்கியதை கிடையாது. 1944-லேயே பாபநாசத்தில் தாமிரபரணி டர்பைனைச் சுற்றிவிட்டது. கூடங்குளத்தில் ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் ஆலை; 2025 பிப்ரவரியில் முதலமைச்சரே வந்து திறந்துவைத்தார். இத்தனையையும் மடியில் கட்டிக்கொண்டு, ஐப்பசியில் ஒரு இடி இடித்ததும் நாம் தேடுவது தீப்பெட்டியை.

சரி, நம் கரண்டை நாமே மாடியில் எடுப்போம் என்று கிளம்பினால் சோலார் ஏஜென்ட் வந்து நிற்பார். "அண்ணாச்சி, மூணு கிலோவாட் போடுங்க. 78,000 ரூவா மானியம். பில்லே வராது." 2024-இல் வந்த மத்திய அரசின் 'சூர்ய கர்' கூரை சோலார் திட்டம் அது, மானியத் தொகை உண்மைதான். அவர் வாய் திறக்காத சங்கதி ஒன்று உண்டு: தெருவில் கரண்டு போனால் மாடியிலும் போய்விடும். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைன் செத்ததும் தானும் நின்றாக வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் உயிருக்கு ஆபத்து. அந்த ஏற்பாட்டில் குற்றமில்லை. அதை மறைத்து விற்கிறார்களே, அதுதான் அயோக்கியத்தனம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் நம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மழை விட்டு வெயிலடித்த பிறகும் ஊரில் பல இடங்களில் கரண்டு இல்லை. அந்த வெயிலில் இந்த பேனலை வைத்து ஒரு செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற முடியாது. மாடியில் மூணு கிலோவாட், கூடத்தில் மெழுகுவர்த்தி.

"பேட்டரி வையும் வே" என்பீர்கள். வைக்கலாம், மத்திய மானியத்தில் அதற்குக் காலணா கிடையாது. 2025 செப்டம்பரில் பேனலுக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதமாக இறக்கிய மகராசன்கள், பேட்டரிக்கு 18-ஓடு நின்றுவிட்டார்கள். ஒரு கோடி கூரை என்று இலக்கு வைத்தவர்களுக்கு, ராத்திரி எட்டு மணிக்கு எத்தனை வீட்டில் ஃபேன் சுற்றுகிறது என்று கணக்கெடுக்கக் கோப்பில் இடமில்லை போலும்.

துணிந்து பேட்டரி வாங்குகிறவர் ஏஜென்டிடம் ஒன்று கேட்கட்டும்: ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜும் ரெண்டு ஃபேனும் ஓட எத்தனை யூனிட் சேமிக்க வேண்டும்? மறுபடியும் "மூணு கிலோவாட்" என்றால் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

முக்கூடல் பீடிக்கட்டில் புற்றுநோய்ப் படம் போட வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, சோலார் கொட்டேஷனில் 'கரண்டு போனால் இது ஓடாது' என்று கொட்டை எழுத்தில் போடவைக்க மட்டும் கை வரவில்லை.