வருவாய் இழப்புக்காரன்

குடியை விட்டவனுக்கு அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு தலைப்புதான் உண்டு: வருவாய் இழப்பு. தினம் ஒரு குவாட்டர் வாங்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்திவிட்டான். பொறுப்பிருக்கிறதா அவனுக்கு? 2024-25இல் தமிழக அரசின் மதுக்கடைகளான டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். எல்லோரும் இவனைப் போல யோக்கியனாகிவிட்டால் கஜானா என்ன ஆவது?

இந்தக் கடைகளைக் கவனிப்பது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து நமக்கே அலுத்துவிட்டது. அவர்களுக்கு இன்னும் கூச்சம் வரவில்லை. 2023 குடியரசு தினத்தில் கரூரில் அதிகம் விற்ற டாஸ்மாக் ஊழியர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஊரே காறித் துப்பியதும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருடம் சொட்டுகூடத் தொடாமல் தாக்குப்பிடித்தவனை யாராவது மேடையேற்றி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

விட்டவன் பாடு லேசில்லை. முதல் சில நாட்கள் கை நடுங்கும். தூக்கம் போய்விடும். சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத பூச்சி சுவரில் ஊரும். வருடக்கணக்காகக் குடித்து ஊறிய உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் உயிரேகூடப் போகலாம். டாக்டர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை இது. அதற்காக 2025இல் அரசு 25 மீட்பு மையங்களைத் திறந்தது. 'கலங்கரை' என்று பெயர். அழகான பெயர். கடைகள் அப்போது ஏறக்குறைய 4,800. கப்பலைக் கவிழ்க்க 4,800, கரை காட்ட 25.

மிச்சப் பேர் எங்கே போவார்கள்? பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் இருக்கிறது: குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம். வீட்டுக்காரி சாம்பாரில் பொடியைக் கலந்துவிட வேண்டும். பொடியில் என்ன இருக்கிறதென்று விற்கிறவன் சொல்ல மாட்டான். அது டைசல்ஃபிரம் என்ற குடிநிறுத்த மருந்தாக இருந்து, மேலே சரக்கும் இறங்கினால், ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். அது வேண்டாமென்றால் லைசென்ஸ் இல்லாத மறுவாழ்வு மையம். பூட்டிய ரூம், உருட்டுக்கட்டை. பணம் மட்டும் முன்கூட்டியே.

அரசைத் திட்டிவிட்டு நாம் நழுவ முடியாது. சாக்கடையோரம் கிடந்தபோது நமக்கு அவன் குடிகாரப் பயல். நிறுத்திவிட்டு மச்சினன் கல்யாணத்துக்கு வந்து நின்றால், "என்ன மாமா, ஒரு கட்டிங்கூட ஆகாதா? ரொம்பத்தான் பண்றீங்க!" அந்தக் கட்டிங்கை ஊற்றிக் கொடுத்தவன்தான் மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே தீர்ப்பு சொல்வான்: "இவராவது, திருந்தறதாவது."

உருப்படியாக ஒன்று நடக்கிறது. அதற்கு மந்திரி இல்லை, டெண்டர் இல்லை, திறப்பு விழா இல்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இரண்டு பேருமே குடித்துச் சீரழிந்தவர்கள். இங்கே சர்ச் கூடத்திலோ இரவல் வகுப்பறையிலோ கூடுகிறார்கள். பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிக்கிறார்கள். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் பேச்சு. யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. கட்டணம் கிடையாது, வாடகைக்கும் டீக்கும் ஒரு பை சுற்றி வரும், இருப்பவர் போடலாம். ராத்திரியில் மனசு அலைபாய்ந்தால் கூப்பிட ஒரு ஆளின் போன் நம்பர் கிடைக்கும். குடித்தவனின் நடுக்கம் குடித்தவனுக்குத்தானே தெரியும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் தெருமுனையில் கடை. இரவு 10 மணி வரை விளக்கெரியும். மன உறுதியைச் சோதிக்க அரசு செய்திருக்கும் இலவச ஏற்பாடு.

பாட்டிலுக்கு மட்டும் அக்கறையான திட்டம் இருக்கிறது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதல். காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்த 10 ரூபாய் கைக்கு வரும். உயர் நீதிமன்றம் தலையிட்டு நீலகிரியில் தொடங்கியது. உடைந்த கண்ணாடி காட்டு யானையின் காலைக் கிழிக்கக் கூடாதல்லவா? நியாயம்தான். காலியாகித் திரும்பி வருகிற மனுசனை எந்தக் கவுன்டரில் ஒப்படைப்பது என்று விசாரித்துப் பாருங்கள். பின்பக்கம் பார் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்பார்கள்.