முதுகில் மூட்டை, மனத்தில் கணக்கு

சிக்கனக்காரர்களில் பல வகுப்பினர் உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே சிக்கனம் பண்ணுகிறவரைக் கஞ்சன் என்ற ஒரே வார்த்தையில் நாம் சுலபமாகத் தீர்த்துவிடுகிறோம். கடல் தாண்டிப் போய், பாஷை தெரியாத தேசத்தின் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, ஒரு தண்ணீர்ப் பாட்டிலின் விலைக்காக அரைமணி நேரம் சைகையாலேயே வழக்காடுகிற மகானுபாவருக்கு மட்டும் நம் அகராதியில் இன்னும் பெயர் ஏற்படவில்லை. சிக்கனச் சஞ்சாரி என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். அவர் ஜெர்மானியராக இருக்கலாம், ஆஸ்திரேலியராக இருக்கலாம், நம் கோயம்புத்தூர்க்காரராகவும் இருக்கலாம், ஜாதி ஒன்றுதான்.

பணமில்லாமல் சிக்கனம் செய்கிறவர் என்று அவரைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. மாதம் பிறந்தால் கைநிறையச் சம்பளம் வாங்குகிற பிரகிருதிதான்; ஆனால் முதுகில் மூட்டை ஏறிய க்ஷணத்திலிருந்து, ஒரு நாளைக்கு 20 டாலருக்குமேல் செலவழிப்பதில்லை என்ற வைராக்கியம், மாலை போட்டுக்கொண்டவருக்கு விரதம் வாய்ப்பதுபோல, அவருக்கு வாய்த்துவிடுகிறது. விமானத்தில் கைச்சுமையாக அனுமதிக்கிற 7 கிலோவுக்குக் குன்றிமணி கூடாமல் மூட்டையைக் கட்டியிருப்பார். தப்பித்தவறி எடை கூடிவிட்டால் அதற்காகக் கட்டணம் செலுத்துகிற பலவீனம் அவரிடம் கிடையாது. இரண்டு சட்டைகளையும் ஒரு கால்சட்டையையும் வெளியே எடுத்து, போட்டிருப்பதற்கு மேலேயே மாட்டிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் கம்பளிப் பூச்சி மாதிரி ஊர்ந்து போய் ஏறிவிடுவார்.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ஒருவரை நான் தரிசித்தது, ஹோ சி மின் நகரத்திலிருந்து கம்போடியாவின் தலைநகரான நோம் பென்னுக்குப் போகிற பஸ்ஸில். தூரம் சுமார் 230 கிலோமீட்டர். நடுவில் வியத்நாம் பக்கம் மொக் பாய், கம்போடியா பக்கம் பாவெட் என்று எல்லைச் சாவடிகள் இரண்டு. மூட்டை தூக்கிகளின் சத்திரமாக விளங்கும் ஃபாம் ஙூ லாவ் தெருவருகே பஸ் ஏறியதுமே, நான் கையில் வைத்திருந்த பத்திரிகையின் தமிழ் எழுத்தைக் கண்டு, “நம்மூருங்களா?” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் அந்தக் கோவைத் தம்பி. ஊர்ப்பெயரை விசாரித்த மறு மூச்சில், “டிக்கெட் எவ்வளவுக்குங்ணா எடுத்தீங்க?” என்றார். சொன்னேன். அவர் முகத்தில் பரவிய அனுதாபத்தை, துக்க வீட்டுக்கு வருகிறவர்களிடம்கூட நான் கண்டதில்லை.

பஸ் நகர்ந்ததும் நடத்துனப் பையன் வந்தான். கம்போடியாவுக்கான விசாவை எல்லையிலேயே வாங்கிக்கொள்ளலாம். சர்க்கார் கட்டணம் 30 டாலர். பாஸ்போர்ட்டையும் 35 டாலரையும் அவனிடம் கொடுத்துவிட்டால் எல்லாவற்றையும் அவனே முடித்துக் கொண்டுவந்துவிடுவான் என்பது ஏற்பாடு. நாற்பது பேர் மறுபேச்சில்லாமல் கொடுத்தோம். பாஸ்போர்ட்டுகளை அடுக்கி ரப்பர் பாண்டு போட்டுக்கொண்டு, நாற்பத்தோராவது ஆசாமியிடம் கையை நீட்டினான்.

“ஏனுங்ணா, கவர்மெண்டு முப்பதுதான கேக்குது? இவுனுக்கு எதுக்குங்ணா அஞ்சு?” என்று தம்பி கேட்டது என்னைத்தான்.

“போகிறது தம்பி, வரிசையில் நிற்கிற சிரமம் மிச்சம்” என்றேன்.

“பணமில்லீங்ணா, நாயம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?”

நியாயம் என்ற சொல் வந்தபிறகு நான் வாய் திறக்கவில்லை. சஞ்சாரியின் இதயத்தில் அந்த ஐந்து டாலர் பணமாக இருப்பதில்லை, கௌரவமாக இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் அன்றிரவு பன்னிரண்டு பேர் படுக்கும் விடுதி அறையில் மற்ற மூட்டைக்காரர்களுக்கு முன்னால் எந்த முகத்தோடு வரலாறு சொல்வது? நடத்துனன் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தான்.

மொக் பாயில் பெயர் கூப்பிட்டு, முத்திரை குத்தி, சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். பாவெட்டில்தான் வினை. கைரேகை பதித்துவிட்டு நாற்பது பேரும் பஸ்ஸில் ஏறிக் குளிர்காற்றில் உட்கார்ந்து, கண்ணாடி வழியே எதிரே வரிசையாக நிற்கிற சூதாட்ட விடுதிகளையும், அவற்றுக்கு நடுவே தன்னந்தனியனாக விசா ஜன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிற தம்பியையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபதாயிற்று. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். முன்வரிசைப் பிரெஞ்சுக் கிழவி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என்னவோ நானே அவனைப் பெற்றுவிட்டதுபோல என்னைப் பார்த்தாள்.

அரைமணி கழித்து வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். “ஒரு நல்ல பத்து இருக்குங்களாண்ணா? இத வாங்க மாட்டேங்கறானுங்க.” கம்போடியாவில் கடை கண்ணிகளிலெல்லாம் அமெரிக்க டாலர் தாராளமாகச் செல்லும், ஆனால் நோட்டின் ஓரத்தில் கடுகளவு கிழிசல் இருந்தாலும், தீட்டுப்பட்ட பண்டம்போல ஒருவரும் தொடமாட்டார்கள். தம்பி நீட்டிய நோட்டின் வலது மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். ஹோ சி மின் நகரில் நான்கு கடை ஏறி இறங்கி, ரேட்டு ஓர் இம்மி சாதகமாக இருந்த கடையில் வாங்கியதாம். பின்னால் எண்பது கண்கள் என் முதுகைத் துளைத்துக்கொண்டிருந்தன. புத்தம் புதிய நோட்டு ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன்.

வெற்றி வீரராகத் திரும்பி வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்திய கடையில் வெறும் சோறு மட்டும் ஒரு தட்டு வாங்கி, மூட்டையின் அடியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியை எடுத்து, எனக்கும் இரண்டு கரண்டி தாராளமாகப் போட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்த ஆறு மணிநேரப் பிரயாணத்தில் எனக்கு ருசித்தது அது ஒன்றுதான். நியாக் லுவாங்கில் மேகாங் நதியைத் தாண்டும்போது, முன்பு பஸ்ஸையே படகில் ஏற்றிக் கடத்துவார்கள் என்றும், ஜப்பான் உதவியால் 2015இல் இந்தப் பாலம் வந்தது என்றும் சொன்னேன். “இதுக்குத் தனியா ஏதும் கேப்பாங்களாண்ணா?” என்றார்.

நோம் பென்னில் டுக்டுக்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். தம்பி அவர்களை ஈ ஓட்டுவதுபோல ஓட்டிவிட்டு, மூன்று கிலோமீட்டர்தானே என்று வெயிலில் நடந்து மறைந்தார். நான் ஒரு வண்டியில் ஏறி, இறங்குகிற இடத்தில் அந்தப் பத்து டாலரை நீட்டினேன். வண்டிக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, சிரித்து, இரண்டு கைகளாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். நோட்டு இன்னமும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. வாசகர்களில் அமெரிக்கா போகிறவர் யாரேனும் இருந்தால் 8 டாலருக்கே கொடுத்துவிடச் சித்தமாயிருக்கிறேன். 7 என்று பேரம் பேச வேண்டாம்.