புரட்டாசியில் மீனுக்கு விரதம் இல்லை

புரட்டாசி பிறந்தால் அண்ணாகிராமத்துப் பக்கம் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். கடலூரை நெருங்கும் இடத்தில், கெடிலக் கரையில், திருவந்திபுரம் தேவநாத சுவாமி இருக்கிறார். சனிக்கிழமைதோறும் மொட்டைத் தலைகளும் துளசி மாலைகளுமாகக் கூட்டம் அந்தத் திசையில் நகரும். கவிச்சி என்ற சொல்லையே வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டிய மாதம் இது. இயற்கைக்குக் குசும்பு அதிகம்: மீன் வாயைத் திறந்து நன்றாகத் தின்ன ஆரம்பிப்பதும் இதே மாதத்தில்தான். கோடை முழுக்க மணலாகக் கிடந்த கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் சாயங்கால இடிமழை விழுகிறது. குட்டையும் வாய்க்காலும் கைகோத்துக்கொள்கின்றன. தண்ணீர் செம்மண் கரைந்து டீக்கடை டீயின் நிறத்துக்கு வருகிறது. மனிதன் வாயைக் கட்டுகிறான், மீன் அவிழ்க்கிறது. நடுவில் தூண்டிலோடு குந்தியிருப்பவனுக்கு ஒரே கேள்விதான்: முள்ளில் எதை மாட்டுவது?

மண்புழு என்பது என் கட்சி. காரணம் சாதாரணமானது. மீன் ருசி தேடி அலைகிற பிராணி இல்லை. அந்த மாதத்தில் வாசலுக்கு எது வந்து சேருகிறதோ அதைத் தின்கிற பிராணி. புரட்டாசி மழையில் வாசலுக்கு வருவது மண்புழு. அது தோலால் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் செத்துப்போகும். அதனால் வெயில் காலமெல்லாம் ஆழத்தில் சுருண்டு கிடந்துவிட்டு, மண் நனைந்ததும் மேலே வருகிறது. வந்ததில் பாதி மழைநீரோடு வரப்பு தாண்டி வாய்க்காலில் போய் விழுகிறது. ஆக, நாம் முள்ளில் மாட்டும் புழு மீனுக்குப் புதுப் பலகாரம் இல்லை. ஒரு வாரமாக வந்துகொண்டிருக்கும் பந்தியில் இன்னொரு இலை, அவ்வளவுதான். இதோடு கலங்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த டீ நிறத் தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. மூக்குக்கும் மீசைக்கும்தான் வேலை. கெளுத்தியின் ருசிமொட்டுகள் வாயோடு நிற்பதில்லை, மீசையிலும் உடம்புத் தோலிலும் பரவியிருக்கின்றன. உடம்பெல்லாம் நாக்கு என்றே சொல்லலாம்; கல்யாண வீட்டில் சமையல்கட்டுப் பக்கமே உலவும் சில பெரியவர்களைப் போல. முள் குத்திய புழுவிலிருந்து கசியும் சாறு அந்த நாக்குக்கு ஓலை அனுப்பிவிடும். பளபளக்கும் இரை இருட்டில் போட்ட கோலம்.

மண்புழுவுக்கு இன்னொரு தகுதியும் உண்டு, அதற்குக் கடை கிடையாது. குளியல் தொட்டித் தண்ணீர் பாயும் வாழையடியிலோ எருக்குழி ஓரத்திலோ மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்தினால் போதும். ஒரு கொட்டாங்குச்சியில் அதே ஈர மண்ணைக் கொஞ்சம் போட்டு, புழுக்களை விட்டு, மேலே ஒரு வாழை இலைக் கிழிசல். வெயில் படாமல் வைத்தால் பொழுது சாயும்வரை நெளியும். மாட்டுவதில்தான் கைப்பழக்கம் தெரியும். புழுவை நடுவில் குத்திச் சுருட்டி உருண்டையாக்குபவர்கள் உண்டு. அது கூந்தல் பின்னத் தெரியாதவர் போட்ட கொண்டை மாதிரி இருக்கும். தலைப் பக்கம் முள்ளை ஏற்றி, முள்ளின் வளைவு மறையும்வரை கோத்து, வால் ஒரு விரற்கடை வெளியே துடிக்கும்படி விடவேண்டும். நெளிகிற அந்த வால்தான் அழைப்பிதழ். வால் ரொம்ப நீளமாகிவிட்டால் விருந்தாளி அழைப்பிதழை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடுவார்.

எதிர்க்கட்சிகளில் மூத்தது பழமொழி. அயிரையை விட்டு வராலைப் பிடிப்பது என்று முன்னோர் சொல்லியிருக்க, நீ யார் புழுவைச் சொல்ல என்பார்கள். பழமொழி சொல்வது லாபக் கணக்கு, மாதக் கணக்கு இல்லை. அந்தக் கணக்கும் இப்போது தலைகீழ். மதுரைப் பக்கம் அயிரைக் குழம்புக்கு இருக்கும் மவுசில், அயிரையைக் கொடுத்து வராலைப் பிடிப்பவனை வியாபாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டாவது கட்சி வெளிநாட்டிலிருந்து வருகிறது. கனடாவின் ஒன்டாரியோ ஏரிகளில் ‘வால்ஐ’ என்றொரு மீன். அங்கே ‘பிக்கரல்’ என்றும் சொல்வார்கள். மங்கிய வெளிச்சத்திலும் பார்ப்பதற்கென்று கண்ணுக்குள் கண்ணாடி மாதிரி ஒரு படலம் வைத்திருக்கிறது. கோடையில் புழுவையும் அட்டையையும் போட்டு அதைப் பிடிப்பவர்கள், இலையுதிர்காலம் தொடங்கியதும் உயிருள்ள சிறுமீனுக்கு மாறுகிறார்கள். உலகமே சிறுமீனுக்குப் போகும்போது கெடிலக் கரை மட்டும் புழுவிலேயே நிற்பதா என்று, வீடியோ பார்த்துக் கற்றவர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும், அது என் கட்சிக்குத்தான் சாட்சி. அங்கே வசந்தத்தில் பொரித்த குஞ்சுகள் இலையுதிர்காலத்துக்குள் ஒரு வாய்க்குத் தகுந்த அளவில் வளர்ந்து ஏரியெங்கும் திரிகின்றன. வாசலுக்கு வருவது அங்கே சிறுமீன், இங்கே மண்புழு. சட்டம் ஒன்றுதான், சாப்பாடு வேறு. போகிற போக்கில் இன்னொன்று: அந்த வடக்குக் காடுகள் பலவற்றில் பனியுகத்துக்குப் பிறகு சொந்தமாக மண்புழுவே கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வந்த புழுவைத் தூண்டில்காரர்கள் மிச்சமானது என்று கரையில் கொட்டிவிட்டுப் போக, அது காட்டுத் தரையின் இலைச்சருகை எல்லாம் தின்று தீர்க்கிறது. நம் வாழையடிப் புழு மிச்சமானால் வாழையடிக்கே திரும்பப் போகிறது.

மூன்றாவது, தவளைக் கட்சி. விரால் பிடிக்கத் தவளைக்குஞ்சுதான், புழுவைப் போட்டால் குறவையும் ஆராலும்தான் வரும் என்பது அவர்கள் வாதம். இதில் பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். தெளிந்த குளத்தில், அல்லி இலைகளுக்கு நடுவே, தவளை தத்திப் போனால் விரால் பாயும். ஆனால் மழைக்காலத்தில் அது எதற்காகப் பாய்கிறது என்று பார்க்கவேண்டும். விரால் குஞ்சு பொரிக்கும் பருவம் அது. செக்கச்செவேல் என்று குஞ்சுகள் ஒரு பந்தாகத் திரண்டு மேலே மிதக்கும். கீழே தாயும் தகப்பனும் காவல். அந்த இடத்தில் தவளையை இறக்கினால் அது இரை இல்லை, காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்த ஆள். விரால் பசியில் கடிக்கவில்லை, கோபத்தில் கடிக்கிறது. கோபக்காரனைச் சீண்டிப் பிடிப்பதற்குப் பெயர் இரைத் தேர்வு ஆகாது. தவிர, காவலாளி சட்டிக்குப் போனதும் அந்தச் சிவப்புப் பந்து முழுக்கக் கெண்டைக்கும் கொக்குக்கும் போய்ச் சேரும். அடுத்த வருஷத்துத் தூண்டில்காரன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தவளையின் கதையும் லேசானதில்லை. வயலில் பூச்சி தின்னத் தவளை வேண்டும் என்ற கவலையும் சேர்ந்துதான் 1987-ல் தவளைக்கால் ஏற்றுமதி நாட்டில் நிறுத்தப்பட்டது.

மைதா மாவுக் கட்சியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெருங்காயம், ஏலக்காய், வெனிலா என்று ஒவ்வொருவரும் ஒரு ரகசியம் வைத்திருப்பார்கள். ஓடாத தண்ணீரில் கெண்டைக்கு அது செல்லும். ஓடுகிற கலங்கலில் உருண்டை ஐந்து நிமிஷத்தில் கரைந்து, தூண்டில்காரன் வெறும் முள்ளுக்குக் காவல் இருப்பான். மாவில்தான் கூடை நிறைய விழுந்தது என்று சொல்பவர் கூடையைத் திறந்து பாருங்கள், அத்தனையும் ஜிலேபி. 1952-ல் இந்தியாவுக்கு வந்த மீன் அது. வந்த நாளிலிருந்து எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஜிலேபியின் சான்றிதழை வைத்து இரையைத் தீர்மானிப்பது, எல்லாத் தேர்விலும் எல்லாரையும் தேற்றிவிடும் வாத்தியாரிடம் மார்க் வாங்குவது போல.

மண்புழுவுக்கு எல்லை இல்லை என்று நான் சொல்லவில்லை. கடலூர் உப்பனாற்றுக்கோ பிச்சாவரத்துக் கால்வாய்களுக்கோ போனால் கொட்டாங்குச்சியைக் கரையிலேயே வைத்துவிடலாம். அங்கே ராஜா கொடுவா. அதுவும் விளக்கு அடித்தால் கண் மினுங்கும் ஜாதி, வால்ஐக்கு ஒன்றுவிட்ட பங்காளி என்று தோற்றத்தை வைத்துச் சொல்லலாம், உறவுமுறை வேறு. உப்பங்கழியின் வாசலுக்கு வருவது இறாலும் மடவைக் குஞ்சும். உயிர் இறாலை வால் பக்கம் குத்தி நீந்த விடுகிறார்கள். வாழையடிப் புழுவைக் கண்டால் கொடுவா, பட்டணத்துப் பிள்ளை கேப்பங்கூழைப் பார்ப்பது போலப் பார்க்கும்.

கடைசி ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: உயிரோடு ஒன்றை முள்ளில் கோப்பது பாவமில்லையா? காதலியின் தவிப்புக்கு உவமை தேடிய பாரதியே தூண்டிலில் துடிக்கும் புழுவிடம்தான் போனார். புழு படும் பாடு அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தவளைக்கும் சிறுமீனுக்கும் பார்க்கும் கண்ணாவது இருக்கிறது, நம்மை நிமிர்ந்து பார்க்கும். புழு பார்க்காது என்பதால் மனசு கொஞ்சம் தப்பிக்கிறது, அது நியாயமா என்பது வேறு. பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பவர் விரால் குழம்பில் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே கேட்கிறார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

அந்தக் குழம்பும் இந்த மாதம் இல்லை. மண்புழுவுக்குக் குறவையும் கெளுத்தியும் மட்டுமில்லாமல், வழி தவறி ஒரு விராலும் விழுந்துவிட்டால் என்ன செய்வது? ஐப்பசி ஒன்றாம் தேதிவரை அடுப்பில் ஏற்ற முடியாது. நல்லவேளை, விரால் மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடுகிற மீன். கொல்லைப்புறத்து சிமெண்டுத் தொட்டியில், மேலே ஒரு சாக்கைக் கட்டி, பாதித் தண்ணீரில் விட்டால் வாரக்கணக்கில் இருக்கும். ஆனால் அதற்கும் பசிக்கும். ஆகவே, பெருமாளுக்கு விரதம் இருக்கும் வீட்டில் ஒருவர் தினமும் விடிகாலையில் மண்வெட்டியோடு வாழையடிக்குப் போய், ஈர மண்ணைக் கிளறி, பிடித்த மீனுக்கு முள் இல்லாத மண்புழு போட்டுக்கொண்டிருப்பார்.