இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்ட வரலாறு

1931-இல் லண்டனில் ஆலன் பிளம்லைன் என்ற இஞ்சினியர் வருங்காலப் பெண்டாட்டியோடு சினிமாவுக்குப் போனார். திரையில் ஆள் ஒரு ஓரமாக நடக்கிறான், குரலோ நடுவிலிருந்தே வருகிறது. நாமாக இருந்தால் இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொறித்துவிட்டு இதை மறந்திருப்போம். பிளம்லைனோ ஆள் நடக்கும் பக்கமெல்லாம் குரலையும் நடக்கவைக்க வழி இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் விளக்க ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாள் படத்தை நிம்மதியாகப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் பிளம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். ஸ்டீரியோ பிறந்தது.

1940-இல் வால்ட் டிஸ்னியின் ஆட்கள் ‘ஃபேண்டசியா’ படத்துக்காக ஒரு திருகைச் செய்தார்கள். திருகினால் சத்தம் ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். பேன்பாட் என்று பெயர். படத்தை அந்த ஒலியோடு காட்ட லாரி லாரியாகச் சாமான் தேவைப்பட்டது. விரல்விட்டு எண்ணும் தியேட்டர்களோடு அந்தக் கூத்து முடிந்தது. திருகு மட்டும் பிழைத்துக்கொண்டது.

அது செய்வது பச்சைப் பொய். இடப்பக்கம் உரக்க, வலப்பக்கம் மெல்ல ஒலித்தால், ‘ஆள் இடப்பக்கம்தான்’ என்று மூளை சத்தியம் செய்கிறது. நடுவில் வைத்தால் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து கத்தும் என்பதால், அங்கே ஒவ்வொன்றையும் 3 டெசிபல் இறக்கிவைப்பது வழக்கம். பொய்க்கும் ஒரு கணக்கு வேண்டும் அல்லவா?

சின்தசைசர்க்காரர்களுக்கு இதிலும் திருப்தி வரவில்லை. வாத்தியத்தை ஒரு மூலையில் வைத்தால் போதாது, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒவ்வொரு மூலையில் வைக்கவேண்டும் என்று கிளம்பினார்கள். ஓபர்ஹைம் ஓபி-8 என்ற பெட்டியில் எட்டுக் குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரங்கள். எட்டுக்கும் தனித்தனித் திருகு. கட்டைகளை வரிசையாக அழுத்தினால் ஸ்வரங்கள் அறையெங்கும் சிதறும். ஆனால் உலகமே விழுந்தடித்து வாங்கிய யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசரில் ஒலி வெளியே வர ஒரே ஒரு ஓட்டைதான்.

1983-இல் மின்னணு வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் மிடி என்ற மொழி வந்தது. இடம் வலம் சொல்ல அதில் 10 என்ற எண் கொண்ட கட்டளை உண்டு: 0 என்றால் முழு இடம், 127 என்றால் முழு வலம், 64 நடு. சிக்கல் என்னவென்றால், அந்தக் கட்டளை சேனல் முழுவதற்கும் பொருந்தும். அடுத்த ஸ்வரத்தை வலப்பக்கம் அனுப்பினால், இன்னும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும் முந்தைய ஸ்வரத்தின் வாலும் கூடவே இழுபட்டுப் போகும். தப்பிக்க ஸ்வரங்களைப் பல சேனல்களில் பிரித்துப் போடவேண்டும், இருப்பதோ பதினாறு. இரவெல்லாம் உட்கார்ந்து இதைச் செய்தவர்களுக்குக் கண் சிவந்தது மிச்சம்.

தமிழில் ஸ்டீரியோ என்றதும் சொல்லப்படும் முதல் பெயர் 1978-இல் வந்த இளையராஜாவின் ‘ப்ரியா’. 1986-இல் ‘புன்னகை மன்னன்’, கம்ப்யூட்டர் இசை என்ற கொட்டு முழக்கோடு வந்தது. அதன் இசையையொட்டிப் பேசப்பட்ட யமஹா சிஎக்ஸ்5எம் கம்ப்யூட்டரின் ஒலிச் சில்லுக்குத் தெரிந்தவை மூன்றே இடங்கள்: இடம், வலம், இரண்டும். கொஞ்சம் இடம், லேசாக வலம் என்ற நாசூக்கெல்லாம் கிடையாது. கட்சி மாறுபவர்களைப் போல ஒரேயடியாகத் தாவவேண்டியதுதான்.

இனி, இந்தப் பாட்டெல்லாம் போய்ச் சேர்ந்த முசரவாக்கத்துக்கு வருவோம். ஊர் காஞ்சிபுரத்துப் பக்கம். அந்த வட்டாரத்துக்கு இடவலம் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கோர்வைத் தறியில் மூன்று நாடாக்கள்: சேலையின் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு. நெய்பவர் தள்ள, பக்கத்தில் உட்கார்ந்த உதவியாள் கரை நாடாவை வாங்கித் திருப்பி அனுப்புவார். ஸ்டுடியோக்காரர் ஸ்வரத்தை வைத்துச் செய்ததும் இதையேதான், கூலி மட்டும் கூடுதல்.

ஆனால் ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில், அந்த உழைப்பெல்லாம் யார் கையில் சிக்கியது? மைக் செட்காரர் கையில். டேப் டெக்கின் பின்னால் இரண்டு வயர்: சிவப்பு வலம், வெள்ளை இடம். ஆம்ப்ளிஃபயரில் காலியாக இருந்தது ஒரே ஓட்டை. அவர் சிவப்பைச் செருகினார். வெள்ளையை ஒரு முறுக்கு முறுக்கி ஆணியில் மாட்டினார். தென்னை மரத்தில் ஒரு குழாய், கோயில் வாசலில் ஒரு குழாய், இரண்டிலும் அதே வலப்பக்கம். பாடகர் நடுவில் நின்றதால் தப்பித்தார். கீபோர்டு ஸ்வரங்களில் ஒன்று விட்டு ஒன்று ஆணியில் தொங்கியது. ‘ச’ கேட்கும், ‘ரி’ கேட்காது, ‘க’ கேட்கும். ஊர்ப் பையன்கள் அந்த ஓட்டையையும் சேர்த்தே மனப்பாடம் செய்து, சரியான இடத்தில் கைதட்டி நிரப்பிக்கொண்டார்கள். அசல் கேசட்டை முழுசாகக் கேட்டவனை, ‘பாட்டைக் கெடுத்துட்டாங்கடா’ என்று சொல்லவைத்த பெருமை அந்த வயருக்கு உண்டு. இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகும், கடைசித் தீர்ப்பு ஆணிக்காரருடையது. மத்திய அலை ரேடியோவும் அவர் கட்சிதான்; இரண்டு பக்கத்தையும் கூட்டி ஒன்றாக்கி, டீக்கடையில் ஊற்றிவிடும்.

இன்று லேப்டாப்பில் ஒரு கிளிக்கில் ஆயிரம் ஸ்வரங்களை ஆயிரம் இடத்தில் எறியலாம். காஞ்சிபுரம் பஸ்ஸில் காலேஜ் ஜோடி ஒன்று அதைக் கேட்கிறது: ஒரே இயர்போன், இடது அவளுக்கு, வலது அவனுக்கு. “மியூசிக் சூப்பர்ல?” என்கிறான் அவன். “எங்கடா மியூசிக்?” என்கிறாள் அவள்.