பூனை திருந்தவில்லை

எனக்கு வரும் கதைகளில் பெரும்பாலானவை காட்டில் நடக்கின்றன. அந்தக் காட்டில் ஒரு சிங்கராஜா இருப்பார். வேட்டைக்குப் போக மாட்டார், கூட்டம் போடுவார். பிளாஸ்டிக் ஒழிப்பு, மரம் நடுதல், ஒற்றுமை என்று தலைமையுரை ஆற்றுவார். முயல் நன்றியுரை சொல்லும். கடைசியில் ‘நீதி’ என்று தடித்த எழுத்தில் போட்டு, கீழே கோடும் இழுத்திருப்பார்கள். கதை புரியாவிட்டால் பரவாயில்லை, பிள்ளை திருந்தாமல் போய்விடக் கூடாது.

சென்னையில் சிறுவர் நூல் எடிட்டராகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் கணினியைத் திறந்ததும் என் முதல் வேலை, வந்திருப்பது கதைதானா என்று கண்டுபிடிப்பது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியிருப்பார்கள். என் திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கைகலப்பில் இருக்கும். பொறுமையாக யூனிகோடுக்கு மாற்றினால், ‘ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா.’ வேறு சிலர் கோடு போட்ட நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளுவார்கள். மூன்றாம் பக்கம் முதலில் வரும். நான்காம் பக்கத்தில் பாதியை அவருடைய கட்டைவிரல் மறைத்திருக்கும். யூனிகோடில் தட்டி, கோப்புக்குள்ளேயே பெயரும் தொலைபேசி எண்ணும் போட்டு ஒருவர் அனுப்பினால் போதும், கதையைப் படிப்பதற்கு முன்பே அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

கூடவே வரும் கடிதங்கள் தனி ரகம். ‘என் பேரனுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது’ என்று எழுதாத தாத்தாக்கள் குறைவு. கடலைமிட்டாய் தின்றபடி தாத்தா மடியில் உட்கார்ந்து கேட்ட பையனின் சாட்சியத்தை நான் எப்படி ஏற்பது? ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகளோ, தவறாமல் அழ. வள்ளியப்பாவைத் துணைக்கு அழைப்பார்கள். உண்மைதான், குழந்தைக் கவிஞர் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். ஆனால் பாட்டு வந்தது லெட்ஜரிலிருந்துதான் என்று இவர்கள் எப்படி முடிவு கட்டினார்களோ!

கதையைத் திருப்பி அனுப்பினால் பியாட்ரிக்ஸ் பாட்டர் வந்துவிடுவார். பதிப்பாளர்கள் கைவிரித்ததால் 1901 டிசம்பரில் பீட்டர் முயலின் கதையை அவரே 250 பிரதி அச்சிட்டார், மறு வருடமே ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது என்று எனக்கே பாடம் நடத்துவார்கள். அவர் தன் புத்தகம் குழந்தையின் கைக்கு அடங்கும் அளவில் சின்னதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். அதைச் சொல்ல வாயெடுத்தால் இவர்கள் காதில் விழாது. இவர்களுடைய கைப்பிரதி மடிக்கே அடங்காது.

பெரிய தகராறு படப் புத்தகத்தில்தான். ஒரு பெரிய தாளின் இரு பக்கமும் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். அதுதான் எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு ஃபாரம். அதில் தலைப்புப் பக்கம், வெளியீட்டு விவரம் எல்லாம் போக மிச்சம் பன்னிரண்டோ பதின்மூன்றோ தேறும். அதற்குள் ஒருவர் மூவாயிரம் சொற்களைக் கொண்டுவந்து இறக்குவார். ‘சிவப்பு ரிப்பன் கட்டிய, மஞ்சள் பாவாடை உடுத்திய மீனு, நீல வாளியை இடது கையில் பிடித்தபடி...’

“இதெல்லாம் படத்துலயே வந்துடும் சார்.”

“வரட்டுமே மேடம், நானும் எழுதியிருக்கேன்ல?”

இந்த இடத்தில் நான் மாரிஸ் செண்டாக்கை இறக்குவது வழக்கம். 1963இல் வெளிவந்து உலகம் முழுக்கப் போன அவருடைய காட்டு விலங்குகள் புத்தகத்தில் மொத்தமே 338 சொற்கள். கதை ஏறுமிடத்தில் சில பக்கங்களுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது, விலங்குகள் கும்மாளம் போடும், அவ்வளவுதான். இதைக் கேட்டவர் சற்று யோசித்துவிட்டு, “எழுதாத பக்கத்துக்கும் ராயல்டி உண்டுல்ல?” என்றார். உண்டு. அன்றைக்கே மீனுவின் ரிப்பன் போனது, வாளி போனது. கையில் கத்தரிக்கோல் கொடுத்தால் சிலர் என்னைவிட வேகமாக வெட்டுகிறார்கள்.

நவம்பர் வந்தால் எல்லோருக்கும் ஜனவரிப் புத்தகக் கண்காட்சி ஞாபகம் வரும். “சின்னப் பசங்க புக்தானே, ரெண்டு மாசத்துல முடிஞ்சிடாதா?” ஓவியரிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். யானையை வரைந்து முடித்த பிறகு, “யானைக்குப் பதிலா ஒட்டகச்சிவிங்கி போட்டுடலாமா?” என்று கேட்டவர்களை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

கைப்பிரதி ஓரளவு தேறியதும் அதை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் போய் வாசிப்பேன். பெரியவர்கள் மொக்கையான கூட்டத்திலும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகளிடம் அந்த நாகரிகம் கிடையாது. கதை தொய்கிற இடத்தில் ஒருவன் தண்ணீர் குடிக்க எழுந்து போவான். அவனைப் பார்த்ததும் அந்த வரிசைக்கே தாகம் எடுக்கும். எந்த வரியில் தாகம் எடுத்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்வேன். எழுத்தாளரிடம், “இந்த இடம் கொஞ்சம் இழுக்குது சார்” என்று நாசூக்காகச் சொல்வது அந்தத் தண்ணீர்ப் பானையை வைத்துத்தான்.

ஒருமுறை, மீன்காரம்மாவின் கூடையிலிருந்து மீனைத் திருடிய பூனை, மனம் திருந்தி அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிற கதையை வாசித்தேன். யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. முடித்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: “அப்ப அது ராத்திரிக்கு என்ன மிஸ் சாப்பிடும்?” வகுப்பே இரண்டாகப் பிரிந்து கத்தியது. மீன்காரம்மா ஒரு மீன் கொடுத்திருக்கலாம் என்றது ஒரு கட்சி. அது ஏற்கெனவே பாதி தின்றுவிட்டுத்தான் வைத்திருக்கும் என்றது இன்னொன்று.

எழுத்தாளரிடம் போய்ச் சொன்னேன்.

“திருடக் கூடாதுங்கறதுதானே மேடம் கதையே?”

“சார், அது பூனை.”

சில நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். பூனை மீனைத் திருப்பி வைப்பதை விட்டுக்கொடுக்க மாட்டாராம். ஆனால் பின்னட்டையில் சின்னதாக ஒரு மீன் முள் கிடந்தால் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம். அது எங்கிருந்து வந்தது என்று கதையில் ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. ஓவியரிடம் சொன்னேன். பின்னட்டை ஒப்பந்தத்தில் இல்லை என்று அவர் தனியாகக் காசு கேட்டார். கணக்குப் பிரிவுக்கு ‘மீன் முள் - 1’ என்று வவுச்சர் எழுதிக் கொடுத்தேன். சமைத்ததா, பச்சையா என்று கேட்டு அது திரும்பி வந்தது.